பெரியப்பாவின் டிக்கெட்: போர்டில் 1,240, கையில் 310. ஏமாற்றிவிட்டார்களா?

#1 செல்வி (டர்பன்)

எல்லோருக்கும் வணக்கம். கல்யாணமாகி மதுரையிலிருந்து தென்னாப்பிரிக்காவில் உள்ள டர்பனுக்கு வந்து இரண்டு வருஷம் ஆகிறது. கணக்கு எழுதுவது என் வேலை. குதிரைப் பந்தயத்தில் எனக்கு அ, ஆ கூடத் தெரியாது. இங்கே ஜூன் பிறந்துவிட்டால் ஆபீஸ், கோயில் வாசல், கறிக்கடை எங்கே நின்றாலும் "ஜூலைக்கு யாரு?" என்றுதான் பேச்சு. முதல் வருஷம் மாதத்தைச் சொல்கிறார்கள் என்று நினைத்தேன். கிரேவில் மைதானத்தில் ஜூலை முதல் சனிக்கிழமை ஓடும் பெரிய பந்தயத்துக்கே பெயர் அதுதான் என்று பிறகுதான் தெரிந்தது.

என் கணவரின் பெரியப்பாவுக்கு 72 வயது. இங்கேயே பிறந்து வளர்ந்தவர், தமிழ் நன்றாகப் பேசுவார். போன வருஷம் பந்தயக் கடையில் ஒரு டிக்கெட் எடுத்திருக்கிறார். ஜெயித்தும்விட்டது. கடைப் போர்டில் 1,240 ரேண்ட் என்று போட்டிருந்ததாம். கவுண்டரில் 310 எண்ணிக் கொடுத்திருக்கிறார்கள். பெரிய சண்டை. "ஒரு குதிரை ஓடலேன்னு சொல்லி முக்கால் பணத்தை அமுக்கிட்டாங்க" என்று அன்றைக்குச் சொன்னவர், இன்று வரை அந்தக் கடைப் பக்கம் போகவில்லை. வேறு கடைக்குப் போகிறார், அது வேறு கதை.

டிக்கெட் நகலைப் பர்சிலேயே வைத்திருக்கிறார். நேற்று என்னிடம் கொடுத்து, "நீ கணக்குப் படிச்ச பொண்ணு, பார்த்துச் சொல்லும்மா" என்றார். மேலே பி.ஏ. என்று இருக்கிறது. கீழே ஏழு வரி:

3, 8
1, 4, 11
6
2, 9
1, 5, 7, 10
4
3, 6, 12

அதன் கீழே 144.00, பிறகு 25%, கடைசியில் 36.00. கட்டியது 36 ரேண்ட்தான் என்கிறார். இதில் யார் சொல்வது சரி? தெரிந்தவர்கள் பொறுமையாகச் சொல்லுங்கள். அவருக்கு நான் தமிழில்தான் விளக்க வேண்டும்.

#2 சரவணன் (சாட்ஸ்வொர்த்)

அக்கா, ஜெயித்த பணத்தில் வரி பிடிப்பதுண்டு. ஆனால் முக்கால் பங்கு வரியாகப் போகாது. வேறு ஏதோ இருக்கிறது. மணி ஐயா வரட்டும்.

#3 மணி (மெரிபேங்க்)

செல்வி அம்மா, உங்கள் பெரியப்பாவை யாரும் ஏமாற்றவில்லை. ஆனால் அவருக்கு யாரும் விளக்கவும் இல்லை. அது அவர் தப்பில்லை.

பி.ஏ. என்பது பிளேஸ் அக்யுமுலேட்டர். ஏழு பந்தயம், ஒவ்வொன்றையும் லெக் என்போம். ஏழிலும் நீங்கள் சொன்ன குதிரை பிளேஸுக்குள் வர வேண்டும். முதலில் வரவேண்டும் என்று இல்லை. பிளேஸ் என்பது, எத்தனை குதிரை ஓடுகிறது என்பதைப் பொறுத்து முதல் இரண்டு, மூன்று அல்லது நான்கு இடம். ஒரு லெக்கில் தவறினாலும் டிக்கெட் செத்தது.

இப்போது அந்த 144. முதல் லெக்கில் இரண்டு குதிரை, அடுத்ததில் மூன்று, பிறகு ஒன்று, இரண்டு, நான்கு, ஒன்று, மூன்று. எல்லாவற்றையும் பெருக்குங்கள், 144 வரும். அதாவது அவர் எடுத்தது ஒரு டிக்கெட் அல்ல, 144 டிக்கெட்டை ஒரே தாளில் எடுத்திருக்கிறார். ஒன்றுக்கு ஒரு ரேண்ட் வீதம் முழு விலை 144 ரேண்ட். அவ்வளவு கையில் இல்லாதவர்கள் "25 பர்சென்ட் போடு" என்று சொல்லலாம். விலையில் கால்வாசி கட்டலாம், 36 ரேண்ட். ஜெயித்தால் வருவதிலும் கால்வாசிதான்.

போர்டில் போடும் டிவிடெண்ட், அதாவது ஜெயித்த டிக்கெட்டுக்குக் கிடைக்கும் பணம், எப்போதும் முழு ஒரு ரேண்டுக்கு. 1,240இல் கால்வாசி 310. கணக்கு ஒரு சதம் பிசகாமல் இருக்கிறது.

ஒன்று மட்டும் பாருங்கள். ஏதாவது ஒரு லெக்கில் அவர் போட்ட குதிரைகளில் இரண்டு பிளேஸுக்குள் வந்திருந்தால், அந்த 144இல் இரண்டு டிக்கெட் ஜெயித்ததாக அர்த்தம். அப்படியிருந்தால் 620 வந்திருக்க வேண்டும்.

#4 செல்வி (டர்பன்)

ஐயா, ரொம்ப நன்றி. முடிவுகளைத் தேடி எடுத்துப் பார்த்தேன். ஆறாவதைத் தவிர மற்ற எல்லா லெக்கிலும் ஒன்றே ஒன்றுதான் வந்திருக்கிறது. ஆனால் ஆறாவது லெக்கில் இவர் போட்டது 4ஆம் எண் மட்டும். அந்தக் குதிரை ஓடவே இல்லை. அப்படியானால் டிக்கெட் எப்படி ஜெயித்தது? ஓடாத குதிரைக்காக எதையும் கழிக்கவில்லையா?

#5 மணி (மெரிபேங்க்)

அங்கேதான் அவர் தடுமாறியிருக்கிறார். பந்தயத்துக்கு முன் ஒரு குதிரையை விலக்கிவிட்டால் அது ஸ்க்ராட்ச்சிங். டோட்டில், அதாவது எல்லோர் பணத்தையும் சேர்த்து ஜெயித்தவர்களுக்குப் பிரிக்கும் முறையில், பல லெக் உள்ள டிக்கெட்டாக இருந்தால், விலகிய குதிரைக்குப் பதிலாக அந்தப் பந்தயத்தின் ஃபேவரிட், அதாவது அதிகப் பணம் கட்டப்பட்ட குதிரை, தானாக வந்து உட்காரும். அந்த ஃபேவரிட் பிளேஸுக்குள் வந்திருக்கிறது, டிக்கெட் பிழைத்தது. அவருக்கு அது நஷ்டம் இல்லை, அதிர்ஷ்டம்.

ஒற்றைப் பந்தயத்தில் வின், அதாவது முதலில் வரும் என்று கட்டி, குதிரை விலகினால் பணத்தைத் திருப்பிக் கொடுப்பார்கள். ஆனால் ஆன்டி-போஸ்ட் என்று ஒன்று உண்டு. பந்தயத்துக்கு வாரக்கணக்கில் முன்னாலேயே கட்டுவது. விலை பெரிதாகக் கிடைக்கும். குதிரைக்குக் கால் நோவு வந்து விலகினால் பணம் போனது போனதுதான். அந்த ஆபத்துக்குத்தான் அந்தப் பெரிய விலை.

ஆன்டி-போஸ்ட் என்றாலே என் தலைமுறைக்கு ஸீ காட்டேஜ்தான் ஞாபகம் வரும். 1966. ஜூலைக்குச் சில வாரம் இருக்கும்போது, டர்பனில் ப்ளூ லகூன் பக்கம் கடற்கரைப் பயிற்சி முடிந்து திரும்பிய அந்தக் குதிரையைப் பின்தொடையில் சுட்டுவிட்டார்கள். அதன் மேல் அவ்வளவு பணம் கட்டப்பட்டிருந்தது. நான் அப்போது சின்னப் பையன். அப்பா ரேடியோவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே இருந்தது நினைவிருக்கிறது. அடிபட்ட குதிரை அந்த ஜூலையில் ஓடி நான்காவதாக வந்தது. அடுத்த வருஷம், 1967இல், ஜாலிஃபை என்ற குதிரையோடு சரிசமமாக முடிவுக் கோட்டைத் தாண்டி ஜெயித்தது. அன்று அப்பா அழுததைப் பார்த்தேன். அவர் அழுது நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

#6 கிண்டிக்காரன் (ஜோகன்னஸ்பர்க்)

நான் சென்னை. கிண்டி ரேஸ் கோர்ஸ் சுவரை ஒட்டி வளர்ந்தவன். இங்கே வந்த புதிதில் என்னைக் குழப்பியது விலை சொல்லும் முறை. "28-10" என்பார்கள். பத்து கட்டினால் 28 லாபம், கட்டிய பத்தும் சேர்ந்து கையில் 38. "15-10" என்றால் பத்துக்குப் பதினைந்து லாபம். "7-10" என்றால் பத்து கட்டினால் ஏழுதான் லாபம். அவ்வளவு குறைவாகச் சொன்னால், இந்தக் குதிரை ஜெயிக்கும் என்று ஊரே நம்புகிறது என்று அர்த்தம். லாபத்தை மட்டும் சொல்கிறார்களா, கட்டிய பணத்தையும் சேர்த்துச் சொல்கிறார்களா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். பாதி வாக்குவாதம் அதிலிருந்துதான் கிளம்புகிறது.

புக்கியிடம் கட்டுவதற்கும் டோட்டில் கட்டுவதற்கும் உள்ள வித்தியாசத்தையும் பெரியப்பாவிடம் சொல்லுங்கள். புக்கி சொன்ன விலைக்கு நீங்கள் கட்டிவிட்டால் அந்த விலை உங்களுக்கு நிலை. டோட் ஒரு உண்டியல் மாதிரி. எல்லோர் பணமும் அதில் விழும். நடத்துபவர் தன் பங்கை முதலில் எடுத்துக்கொள்வார். மீதியை ஜெயித்தவர்கள் பிரித்துக்கொள்வார்கள். எத்தனை பேர் ஜெயித்தார்கள் என்பது தெரியும் வரை டிவிடெண்ட் எவ்வளவு என்று யாராலும் சொல்ல முடியாது.

இன்னொன்று. இதை வெறும் சூது என்று ஒதுக்க வேண்டாம். 1996இல் இந்திய உச்ச நீதிமன்றம், தமிழ்நாட்டு வழக்கிலேயே, குதிரைப் பந்தயம் திறமை சார்ந்தது என்று தீர்ப்பளித்தது. படித்துப் பார்த்துக் கட்டுபவனுக்கும் கண்ணை மூடிக் கட்டுபவனுக்கும் வித்தியாசம் உண்டு.

#7 ஜெயா (பீனிக்ஸ்)

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டிருந்தேன். எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். முடியவில்லை.

என் அப்பா துணி ஃபேக்டரியில் வேலை பார்த்தார். வெள்ளிக்கிழமை சம்பளக் கவர். சனிக்கிழமை கிளேர்வுட். அந்த மைதானம் இப்போது இல்லை, மூடிவிட்டுக் கிடங்குகள் கட்டிவிட்டார்கள். அம்மா வாசல்படியில் உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டே பஸ் வரும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பாள். அப்பா தெரு முனையில் திரும்பும்போது நடையைப் பார்த்தே அவளுக்குத் தெரிந்துவிடும். முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவாள்.

அப்பா வந்ததும் சொல்லும் முதல் வார்த்தை, "நெக்ல போச்சு." இல்லாவிட்டால் "ஷார்ட் ஹெட்." தமிழ் எழுத்து எழுதிப் பழகுமுன்னே எனக்கு இந்த அளவுகளெல்லாம் அத்துப்படி. மூக்கு நுனியில் தோற்றால் நோஸ். அதைவிடக் கொஞ்சம் கூடினால் ஷார்ட் ஹெட், அப்புறம் ஹெட், கழுத்தளவு என்றால் நெக், பிறகு அரை லெங்த், ஒரு லெங்த். லெங்த் என்றால் குதிரையின் உடம்பு நீளம், ஏறக்குறைய இரண்டரை மீட்டர். குதிரைகளை அளக்க வந்த வார்த்தைகள். எங்கள் வீட்டில் அவை வேறு வேலை செய்தன. "நெக்ல போச்சு" என்றால் அடுத்த வாரம் வந்துவிடும் என்று அர்த்தம். வின்னுக்குக் கட்டியவனுக்கு மூக்கு நுனியில் தோற்றாலும் பத்து லெங்தில் தோற்றாலும் கிடைப்பது ஒன்றுதான்: ஒன்றுமில்லை. அப்பா அதை ஒரு நாளும் அப்படிச் சொன்னதில்லை.

கிண்டிக்காரத் தம்பி, கோர்ட் சொன்ன திறமை இருக்கட்டும். குதிரையை வளர்ப்பவர், பழக்குபவர், ஏறி ஓட்டுபவர் எல்லோருக்கும் திறமை வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். கவுண்டருக்கு இந்தப் பக்கம் சம்பளக் கவரோடு நின்றவருக்கு என்ன இருந்தது?

#8 கிண்டிக்காரன் (ஜோகன்னஸ்பர்க்)

அக்கா, நான் அப்படி எழுதியிருக்கக் கூடாது. மன்னித்துக்கொள்ளுங்கள். தீர்ப்பு உண்மைதான், ஆனால் உங்கள் கேள்விக்கு அது பதில் இல்லை.

#9 செல்வி (டர்பன்)

ஜெயா அக்கா, நீங்கள் எழுதியதை இரண்டு தடவை படித்தேன். அதைப் படித்த பிறகுதான் எனக்கு ஒன்று தோன்றியது. நேற்று ராத்திரி எட்டுக் குதிரை ஓடும் ஒரு பந்தயத்தின் விலைப் பட்டியலை எடுத்து வைத்துக் கணக்குப் போட்டேன். ஆபீஸில் செய்வது போலத்தான்.

விலைகள் இவை: 2-1, 25-10, 4-1, 6-1, 10-1, 20-1, இன்னொரு 20-1, கடைசியில் 33-1.

ஒவ்வொரு விலையும் அந்தக் குதிரைக்கு எத்தனை சதவீத வாய்ப்பு என்று ஊகிக்கிறது என்பதைக் கண்டுபிடிக்கலாம். 2-1 என்றால் மூன்றில் ஒன்று, 33.3. 25-10 என்றால் 35இல் 10, 28.6. இப்படியே 20, 14.3, 9.1, 4.8, 4.8, 2.9. ஏதோ ஒரு குதிரை ஜெயித்தே ஆக வேண்டும். அதனால் எல்லாம் கூட்டினால் 100 வர வேண்டும் என்று எதிர்பார்த்தேன். தசமங்களைச் சுருக்காமல் கூட்டியதில் 117.7 வந்தது. தப்பாகப் போட்டுவிட்டேனோ என்று மூன்று தடவை போட்டேன்.

பிறகு வேறு மாதிரி யோசித்தேன். எந்தக் குதிரை ஜெயித்தாலும் எனக்கு 100 ரேண்ட் வர வேண்டும் என்று எட்டுக் குதிரை மேலும் அளந்து கட்டினால், நான் கட்ட வேண்டியது 117 ரேண்ட் 70 சதம். எல்லாக் குதிரையும் என்னுடையது, இருந்தாலும் 17 ரேண்ட் 70 சதம் போய்விடுகிறது. கட்டியதில் ஏழில் ஒரு பங்குக்கும் மேல். இந்தப் பணம் எந்தக் குதிரையாலும் தோற்றதில்லை. விலைப் பட்டியல் எழுதும்போதே எடுத்தாயிற்று.

இது ரகசியம் இல்லை என்று நினைக்கிறேன். பட்டியலில் எல்லா எண்ணும் கண் முன்னால்தான் இருக்கிறது. ஆனால் கூட்டிப் பார்க்கச் சொல்லிக் கவுண்டரில் யாரும் சொல்வதில்லை. மளிகைக் கடையில் சாமானுக்கு விலை எழுதியிருப்பதைப் போல, கட்டுவதற்கும் ஒரு விலை இருக்கிறது. அந்த விலை எவ்வளவு என்று தெரிந்துகொண்டு வாங்கினால் அது அவரவர் விருப்பம்.

#10 மணி (மெரிபேங்க்)

ஐம்பது வருஷமாக ரேஸ் கார்டு, அதாவது அன்றைய பந்தயங்களின் பட்டியல், படிக்கிறேன். இதை ஒரு நாளும் கூட்டிப் பார்த்ததில்லை அம்மா. இன்றைக்குக் கூட்டினேன். என் கையில் இருந்த பட்டியல் 119 காட்டியது.

#11 சரவணன் (சாட்ஸ்வொர்த்)

நான் பந்தயம் கட்டுவதை விட்டு நாலு வருஷம் ஆயிற்று. ஆனால் குதிரை பார்க்கப் போவதை விடவில்லை. ஜெயா அக்கா எழுதியது அத்தனையும் உண்மை. இருந்தாலும் அந்த ரேஸ் கார்டில் பணத்தைப் பற்றி இல்லாத வார்த்தைகளும் இருக்கின்றன, அவற்றையும் சொல்ல ஆசை.

மெய்டன் என்றால் இன்னும் ஒரு பந்தயமும் ஜெயிக்காத குதிரை. குதிரை எந்த மாதம் பிறந்திருந்தாலும் இந்த நாட்டில் எல்லாக் குதிரைக்கும் ஆகஸ்ட் 1 அன்று ஒரு வயது கூடும். ஹேண்டிகேப் என்பதுதான் எனக்குப் பிடித்தது. ஒவ்வொரு குதிரைக்கும் அதன் ஓட்டத்தைப் பார்த்து மெரிட் ரேட்டிங் என்று ஒரு மதிப்பெண் தருகிறார்கள். ஒரு மதிப்பெண்ணுக்கு அரைக் கிலோ. நல்ல குதிரை கூடுதல் பாரம் சுமக்க வேண்டும், சுமாரான குதிரைக்குப் பாரம் குறைவு. முடிவுக் கோட்டை எல்லாக் குதிரையும் ஒரே நேரத்தில் தொட வேண்டும் என்று கனவு கண்டு ஒருவர் உட்கார்ந்து எழுதும் கணக்கு அது. ஜூலையும் ஹேண்டிகேப்தான். 1897இல் தொடங்கியது, இப்போது 2200 மீட்டர், அதிகபட்சம் 18 குதிரை. அதனால்தான் ஃபேவரிட் இவ்வளவு தடவை தடுக்கி விழுகிறது.

கிரேவிலில் குதிரைகள் வலது பக்கமாகத் திரும்பி ஓடும். ட்ரா என்பது கேட்டில் எந்த எண்ணிலிருந்து புறப்படுகிறது என்பது. உள் பக்கம் கிடைத்தால் வளைவில் தூரம் மிச்சம். வெளி ஓரத்தில் 18ஆம் கேட் கிடைத்தால் பாவம், கூடுதலாக ஓட வேண்டும். டிரில் ஹால் என்பது ஓட்டப்பாதையில் ஓர் அடையாள இடம். வர்ணனையில் "டிரில் ஹாலைத் தாண்டுகிறார்கள்" என்று கேட்டதும் கூட்டம் எழுந்து நிற்கும். அப்பாவோடு முதலில் போனபோது நான் அவர் தோளில் இருந்தேன். குதிரைகள் வந்ததைவிட முன்னால் வந்தது தரையின் அதிர்வு. அது அப்பா உடம்பு வழியாக எனக்கு வந்தது. நான் இன்னும் போவது அதற்காகத்தான்.

#12 மணி (மெரிபேங்க்)

டிக்கெட் எடுப்பவர்கள் இருந்தால் இரண்டு சங்கதி மட்டும் சொல்லிவிடுகிறேன், பலர் இதில் பணத்தை விட்டிருக்கிறார்கள்.

டெட் ஹீட். இரண்டு குதிரை சரிசமமாக வந்தால் புக்கி முழு விலை தர மாட்டார். கட்டியதில் பாதிக்குத்தான் விலை. 4-1க்குப் பத்து ரேண்ட் கட்டியிருந்தால், ஐந்து ரேண்ட் ஜெயித்ததாகக் கணக்கு: 20 லாபம், அந்த ஐந்து, ஆக 25. மற்ற ஐந்து போயிற்று. ஸீ காட்டேஜ் ஜூலையில் இதுதான் நடந்தது. 2008 ஜூலையிலும் பாக்கெட் பவரும் டான்சர்ஸ் டாட்டரும் சமமாக வந்தபோது இதே கதை. ஜெயித்தவர்கள் பாதிப் பணத்தைப் பார்த்துவிட்டுக் கவுண்டரில் கத்தினார்கள்.

இன்னொன்று அப்ஜெக்ஷன். ஓட்டத்தில் ஒரு குதிரை இன்னொன்றை இடித்தது என்று ஆட்சேபம் எழுப்பினால் ஸ்டூவர்டுகள், அதாவது பந்தய நடுவர்கள், படத்தைப் போட்டுப் பார்த்து இடத்தை மாற்றலாம். 2014 ஜூலையில் முதலில் கோட்டைத் தாண்டியது வைலி ஹால். ஆட்சேபத்துக்குப் பிறகு வெற்றி லெஜிஸ்லேட்டுக்குப் போனது. முடிவு உறுதி என்று அறிவிக்கும் வரை டிக்கெட்டைக் கிழிக்காதீர்கள்.

#13 செல்வி (டர்பன்)

ஐயா, ஒரே ஒரு சிக்கல். 25 பர்சென்ட்டைப் பெரியப்பாவிடம் இன்று சொல்லிப் பார்த்தேன். "அது கடைக்காரன் கமிஷன்மா" என்கிறார். கவுண்டரில் உள்ள பெண் ஒவ்வொரு தடவையும் "எத்தனை பர்சென்ட்?" என்று கேட்பாளாம். கடைக்கு எவ்வளவு தருவாய் என்று கேட்கிறாள் என்று நினைத்துக்கொண்டே இத்தனை வருஷமும் "25" என்று சொல்லியிருக்கிறார். யாரோ நண்பர் சொல்லிக் கொடுத்ததாம். சதவீதம் என்று தமிழில் சொன்னாலும் கமிஷன் என்றே காதில் விழுகிறது. வேறு எப்படிச் சொல்வது?

#14 ஜெயா (பீனிக்ஸ்)

செல்வி, கூறு என்று சொல்லிப் பார். தீபாவளிக்கு நாலு வீடு சேர்ந்து ஒரு ஆடு வாங்கி அறுப்பார்கள் அல்லவா, அவர் அப்பா காலத்தில் கட்டாயம் பார்த்திருப்பார். ஒரு கூறுக்குப் பணம் கொடுத்தவன் வீட்டுக்கு ஒரு கூறுதான் வரும். முழு ஆட்டையும் கேட்டுச் சண்டை போட முடியாது. ஆட்டுக்கு 144, இவர் எடுத்தது ஒரு கூறு, 36.

எங்கள் அப்பாவுக்கு இப்படி உட்கார்ந்து சொல்ல யாரும் இருக்கவில்லை. உன் பெரியப்பாவுக்கு நீ இருக்கிறாய். சொல்லு.

#15 செல்வி (டர்பன்)

ஜெயா அக்கா, சொன்னேன்.

சமையலறை மேசையில் உட்கார வைத்து, டிக்கெட்டைப் பக்கத்தில் வைத்து, ஆடு, நாலு வீடு, கூறு என்று ஆரம்பித்தேன். நான் முடிப்பதற்குள்ளேயே அவர் பேனாவை வாங்கிக்கொண்டார். 25% என்பதற்குப் பக்கத்தில் நடுங்கும் கையால் தமிழில் "கூறு" என்று எழுதினார். 1,240ஐ நாலால் அவரே வகுத்தார். 310 வந்தது. கொஞ்ச நேரம் பேசவில்லை.

பிறகு விலைப் பட்டியல் கணக்கையும் காட்டினேன். 117ஐப் பார்த்ததும், "எட்டுக் குதிரையும் எனக்கேன்னாலும் நட்டமா?" என்று இரண்டு தடவை கேட்டார். ஆமாம் என்றேன். தன் சின்ன நோட்டில் குறித்துக்கொண்டார். இந்த ஜூலைக்குக் கட்டுவாரா மாட்டாரா என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

எழுந்து போகும்போதுதான் திரும்பினார். "அந்தக் கவுண்டர்ல இருந்த பொண்ணு சின்னப் பிள்ளைம்மா. நாலு பேர் முன்னாடி அவளைத் திருடின்னு சொல்லிட்டேன். அவ மேல தப்பே இல்ல. போய்ச் சொல்லணும். அவ இன்னும் அங்கதான் வேலை பார்க்கிறாளான்னு தெரியல" என்றார்.

நானும் கூட வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். சனிக்கிழமை காலையில் போகிறோம்.